போதுமை வாரியத்தின் முன்மாதிரிக் குடும்பம்

வருமானம் போதாத குடும்பங்களுக்குக் கை கொடுப்பதற்காக ஒரு வாரியம் இருந்தது. அதற்குப் போதுமை வாரியம் என்று பெயர். தொடங்கிய நாளில் பற்றாக்குறை வாரியம் என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைப் பார்த்தால் மக்கள் மனம் சோர்ந்துவிடுவார்கள் என்று ஒரு பெரிய அதிகாரிக்குத் தோன்றவே, பலகையை மாற்ற முடிவு செய்தார்கள். பலகையை மாற்ற எட்டு மாதம் கமிட்டி கூடியது. அந்த எட்டு மாதமும் விண்ணப்பம் வாங்கவில்லை. விண்ணப்பமே வராததால் பற்றாக்குறை ஒழிந்துவிட்டது என்று ஆண்டறிக்கையில் எழுதினார்கள். எழுதியவருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

இந்த வாரியத்தின் நான்காவது மாடிக்கு ஒரு புதன்கிழமை காலையில் செக்கர் மூச்சு வாங்க ஏறி வந்தார். லிஃப்ட் இருந்தது. அது அட்டை வைத்திருக்கும் அலுவலர்களுக்கு மட்டும். வருமானம் போதாதவர்களுக்கு மூச்சாவது போதுமா என்று படிக்கட்டிலேயே பார்த்துவிடுவார்கள் போலிருக்கிறது.

செக்கர் என்பது அவர் பார்த்த வேலை. மருந்துப் பாட்டில் செய்யும் தொழிற்சாலையில், வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, வரிசையாக ஓடிவரும் பாட்டில்களில் கீறல், குமிழி, கோணல் இருந்தால் பொறுக்கி எடுத்துப் போட வேண்டும். பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறார். பாட்டில் கம்பெனி என்றதும் கல்யாணப் பேச்சின்போது மாமனார் ஒரு மாதிரி பார்த்தாராம். மருந்துப் பாட்டில் என்று தெரிந்த பிறகுதான் உட்காரச் சொன்னாராம். அந்தச் சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிட்டார்கள்: அவர், மனைவி, பதினைந்து வயது மகள், ஏழு வயதில் இரட்டைப் பயல்கள். ஐந்து பேரும் சாப்பிட்டார்கள் என்பது பேச்சுக்குச் சொல்வது. மனைவி எப்போது சாப்பிட்டாள் என்பதை யாரும் பார்த்ததில்லை.

அவளுக்குப் பித்தப்பையில் கல். வலி வந்தால் அடுப்படிச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்பாள். மூன்று மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும், விட்டால் வெடித்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இலவச ஆஸ்பத்திரியில் பதினான்கு மாதம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். காசு வாங்கும் ஆஸ்பத்திரியில் மறுநாளே வரச் சொன்னார்கள். மறுநாள் போக அவர் ஏழு மாதம் மூச்சு விடாமல் சம்பளத்தைச் சேர்க்க வேண்டும். அதனால்தான் வாரியம்.

"வருமானம் போதலையா?" என்றார் கவுன்ட்டரில் இருந்த எழுத்தர், தலையைத் தூக்காமல்.

"ஆமாங்க."

"எவ்வளவு நாளா?"

செக்கர் பொய் சொல்லத் தெரியாத ஆசாமி. "கல்யாணம் ஆனதுலேர்ந்தேங்க. பதினாறு வருஷம்."

எழுத்தர் தலையைத் தூக்கினார். "பதினாறு வருஷமா போதலைன்னா இவ்வளவு நாள் எப்படி உயிரோட இருந்தீங்க?"

இந்தக் கேள்வியை செக்கர் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. தலையைச் சொறிந்தார். "ஏதோ சமாளிச்சோம்."

"சமாளிச்சீங்கல்ல? அதான். போதாத வருமானத்துல யாராலயும் சமாளிக்க முடியாது. சமாளிச்சா அது போதுமான வருமானம். சரி, வந்துட்டீங்க. இந்தப் படிவத்தை நிரப்புங்க."

படிவத்தில் இரண்டு பத்திகள். 'விட்டவை' என்று ஒன்று, 'விடாதவை' என்று ஒன்று. குடும்பம் எதையெதை விட்டுவிட்டது என்று முதல் பத்தியில் எழுத வேண்டும். செக்கர் நிதானமாக எழுதினார். பேப்பர், பஸ், மீன், இரண்டாவது பாக்கெட் பால், ஃபேன், பயல்களுக்குப் புதுச் சட்டை, மகளுக்குக் கணக்கு டியூஷன், மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போய்வருவது. எழுத எழுத அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவையும் எப்போது விட்டோம்? ஒவ்வொன்றையும் விட்டபோது இந்த ஒன்றோடு சரியாகிவிடும் என்றுதான் நினைத்திருந்தார்கள். விடாதவை பத்தியில் வாடகை, அரிசி, பள்ளிக்கூடம், மனைவியின் வைத்தியம் என்று நான்கே நான்கு எழுதினார்.

எழுத்தர் படித்துவிட்டு, சிவப்புப் பேனாவால் முதல் பத்தி முழுவதையும் அடித்தார்.

"இதெல்லாம் இல்லாமயே இருக்கீங்க. அப்ப இது தேவையில்லாத செலவு. கணக்குல வராது." பேனா அடுத்த பத்திக்குப் போனது. "இதையெல்லாம் இன்னும் விடல. அப்ப விடறதுக்கு உங்ககிட்ட இன்னும் நாலு இருக்கு."

"வைத்தியத்தை எப்படிங்க விடறது?"

"விட்டுப் பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"விட்டே பாக்காம, விட முடியாதுன்னு எப்படிச் சொல்றீங்க?" அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு வாத்தியார் மந்தமான பையனிடம் காட்டும் பொறுமைதான் இருந்தது. "வீட்டுக்கு ஆய்வாளர் வருவாங்க. உள்ளதை உள்ளபடி காட்டுங்க. அவங்க கண்ணுல பட்டாத்தான் எங்களுக்குத் தெரியும்."

இதை செக்கர் வீட்டில் வந்து சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வருகிறார் என்றதும் மனைவி வியாழக்கிழமையே வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். ஒட்டடை அடித்தாள். பயல்களின் தலையில் எண்ணெய் தேய்த்து வாரிவிட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு நாற்காலி, கைப்பிடி உடையாத கோப்பை, சர்க்கரை, ஒரு தட்டு பிஸ்கட் எல்லாம் இரவல் வந்தன. கிழிந்த பாயை மகள் மாடிக்குக் கொண்டுபோய் ஒளித்தாள்.

செக்கருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. "ஏம்மா, அவங்க நம்ம கஷ்டத்தைப் பாக்கத்தான் வர்றாங்க."

"வரட்டும். அதுக்காக ஓட்டைக் கோப்பையிலயா டீ குடுப்பாங்க? வீட்டுக்கு வர்றவங்க நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"கஷ்டப்படறோம்னு நினைக்கணும். அதானே வேணும்!"

"கேட்டா சொல்லிக்கலாம். கேக்கறதுக்கு முன்னாடி அழுது வடிய எனக்குத் தெரியாதுங்க."

ஆய்வாளர் ஒரு மெலிந்த பெண். வெயிலில் நடந்து வந்திருந்தார். வாரியம் அவருக்கு வண்டிப்படி கொடுப்பதாகச் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. உட்கார்ந்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நாற்காலி, கோப்பை, எண்ணெய்த் தலையோடு வரிசையாக நின்ற பிள்ளைகள் எல்லாவற்றையும் அட்டையில் குறித்துக்கொண்டார்.

"சாப்பாட்டுக்குக் கஷ்டம் இருக்கா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லீங்க," என்றாள் மனைவி.

செக்கர் தொண்டையைச் செருமினார். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த பெண்மணியிடம் பட்டினி கிடக்கிறோம் என்று சொல்லும் வாய் அவளுக்கு வாய்க்கவில்லை. அக்காவிடமே சொன்னதில்லை.

"உடம்பு எப்படி இருக்கு? வலி இருக்கா?"

"அப்பப்ப வரும். பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னா போயிடும். நீங்க பிஸ்கட் எடுத்துக்குங்க. ஒண்ணுமே சாப்பிடலையே."

ஆய்வாளர் எடுத்துக்கொண்டார். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து தின்றார். அவருக்கு இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இரண்டைக் கைக்குட்டையில் சுருட்டிப் பைக்குள் வைத்தார். இரட்டைப் பயல்கள் நான்கு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறிக்கையில் இப்படி எழுதினார்: 'வீடு சுத்தம். விருந்தோம்பல் நன்று. நோயாளிக்கு வரும் வலி வைத்தியமின்றித் தானே நீங்கிவிடுகிறது. குடும்பம் மகிழ்ச்சியாக உள்ளது.'

மூன்று வாரம் கழித்து வாரியத் தலைவரே நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. செக்கர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஓடினார். பணம் தரப்போகிறார்கள், இல்லாவிட்டால் தலைவர் எதற்குக் கூப்பிடுகிறார்?

தலைவரின் அறையில் பாதியை மேஜையே அடைத்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்து வந்து செக்கரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெரிய மனிதர்கள் கையைக் குலுக்கினால் அதில் ஏதாவது இருக்கும் என்று நம்பும் வயதை செக்கர் தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லை.

"உக்காருங்க. உங்களை மாதிரி ஒரு குடும்பத்தைத்தான் நான் பத்து வருஷமா தேடிக்கிட்டிருக்கேன். ஆயிரக்கணக்குல மனு வருது. எல்லாம் ஒரே அழுகை. உங்க வீட்டு அறிக்கையைப் படிச்சதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இந்தச் சம்பளத்துல அஞ்சு பேரு! பிஸ்கட்டோட! இந்த வருஷ முன்மாதிரிக் குடும்பம் நீங்கதான்."

"ஐயா, எங்க வீட்டுல அவளுக்கு ஆபரேஷன்…"

"எனக்கும் கஷ்டம் தெரியும் தம்பி. நான் சின்ன வயசுல ரொம்பப் பட்டவன். வீட்டுல ஒரே கார். அப்பா எடுத்துக்கிட்டுப் போனா அம்மா வீட்டுலயே இருக்கணும். யாருகிட்டயாவது கை நீட்டினோமா? ரெண்டாவது கார் வாங்கற வரைக்கும் பொறுத்துக்கிட்டோம்."

செக்கர் மெல்லக் கேட்டார். "விருதோட ஏதாவது தொகை…"

தலைவர் சிரித்தார். "தொகை குடுத்தா உங்க வருமானம் கூடிடுமே. அப்புறம் நீங்க எப்படி முன்மாதிரி? தவிர, உதவின்னு ஒண்ணு குடுத்துட்டா உங்களுக்குள்ள இருக்கிற அந்தச் சமாளிக்கிற திறமை செத்துப் போயிடும். அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன். இந்த நாற்காலிக்கு நான் வந்த பிறகு ஒரு குடும்பத்தைக்கூட நான் அப்படிக் கெடுத்ததில்லை. மிச்சமான நிதியிலதான் இந்த மாடியில விழா மண்டபமே கட்டினோம். விழா அடுத்த மாசம் அங்கதான். சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு வாங்க. அவங்க ரெண்டு வார்த்தை பேசணும். என்ன பேசணும்னு நாங்களே எழுதிக் குடுத்துடுவோம்."

செய்தி அவருக்கு முன்னால் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த மாதம் சம்பளத்தைக் கூட்டிக் கொடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மேனேஜர் எல்லோரையும் முற்றத்தில் கூட்டி வைத்து, வாரியத்தின் கடிதத்தை வாசித்துக் காட்டினார்.

"பாத்தீங்களா? நான் சொல்லல, வாரியமே சொல்லுது. இந்தச் சம்பளத்துல அஞ்சு பேரு சந்தோஷமா வாழலாம். உங்க கூடவே வேலை பாக்கற ஆளுதான் சாட்சி. இனிமே யாராவது போதலைன்னு வந்தா, வீட்டுல என்னவோ வீண் செலவு நடக்குதுன்னுதான் அர்த்தம்."

சம்பளப் பேச்சு அத்தோடு படுத்துவிட்டது. நூற்று நாற்பது பேரும் செக்கரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. மறுநாள் முதல் அவரோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை. அவருடைய அலமாரிக் கதவில் யாரோ 'போதும்' என்று சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். பத்தொன்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டில் பார்த்த ஆள் கேட்டார், "எங்க சோத்துல ஏன்யா மண்ணைப் போட்ட?" செக்கர் நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அது அவருக்கே பொய்போல் இருந்தது.

வீட்டில் அவர் வாய் விட்டு அழுதார். மனைவி அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் வலி போய்விட்டு வருவதில்லை, இருந்துகொண்டே இருந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது.

"விழாவுக்குப் போக வேணாம்மா. போய்த் தொலையட்டும்."

"போகணும்," என்றாள். "கேட்டவங்ககிட்ட எல்லாம் நல்லா இருக்கோம்னு சொன்னது நான்தான். நீங்க சொல்லல. அந்தம்மாகிட்டயும் நான்தான் சொன்னேன். அதை நானே போய் மாத்திச் சொல்றேன். அத்தனை பேரு முன்னாடி சொன்னா காது கேக்காமயா போயிடும்?"

விழா மண்டபத்தில் எள் போட இடமில்லை. வாரிய ஊழியர்கள் அனைவரும் வரவேண்டும் என்று உத்தரவு. வராதவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் பிடிப்பு. தலைவர் முக்கால் மணி நேரம் சிக்கனத்தைப் பற்றிப் பேசினார். அதற்குள் அவருக்கு மூன்று முறை பழரசம் வந்தது. பிறகு மனைவியின் கையில் ஒரு கண்ணாடிக் கேடயத்தையும் ஒரு தாளையும் கொடுத்து மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். தாளில், 'ஆசையைக் குறைத்தோம், நிம்மதி பெருகியது' என்று தொடங்கி எட்டு வரி இருந்தது.

அவள் தாளை மடித்து வைத்தாள். மைக்கைப் பிடித்துக்கொண்டாள். பேசுவதற்கா, விழாமல் இருப்பதற்கா என்று செக்கருக்குத் தெரியவில்லை.

"எங்களால முடியலீங்க," என்றாள்.



"போதலைங்க. எப்பவுமே போதல. நான் மத்தியானம் சாப்பிட்டு நாலு வருஷம் ஆகுது. அன்னிக்குக் குடுத்த பிஸ்கட்கூட இரவல். நாற்காலி இரவல். வெக்கமா இருந்துச்சு, அதனால சொல்லல. இப்பச் சொல்றேன். எனக்கு வலி தாங்கல. என் பிள்ளைங்க சின்னப் பிள்ளைங்க. எனக்கு ஆபரேஷன் பண்ணி விடுங்க. இந்தக் கண்ணாடியை நீங்களே வச்சுக்குங்க."

பதினாறு வருடத்தில் அவள் ஒருவரிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. செக்கருக்கு அழுகையும் பெருமையும் ஒன்றாக வந்தன. பின் வரிசையில் சில ஊழியர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை.

தலைவர் செயலாளரின் காதில் ஏதோ கேட்டார். செயலாளர் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டி ஓர் இடத்தில் விரலை வைத்தார். தலைவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"இந்தச் சகோதரியோட நேர்மையை நான் பாராட்டறேன். ஆனா ஒண்ணு. அறிக்கையில சொன்னது உண்மைன்னா இவங்க முன்மாதிரி, உதவி தேவையில்ல. இப்ப சொல்றது உண்மைன்னா, ஆய்வாளர்கிட்ட பொய்த் தகவல் குடுத்திருக்காங்க. பிரிவு பதினொண்ணுபடி மூணு வருஷத்துக்கு மனு போட முடியாது. ரெண்டுல எதுன்னு அவங்களே தேர்ந்தெடுத்துக்கலாம். வாரியம் யாரையும் கட்டாயப்படுத்தாது."

கைதட்டினார்கள். தட்டாதவர்களைக் குறித்துக்கொள்ள ஆள் நிறுத்தியிருந்தார்கள்.

மனைவி மேடையிலிருந்து தானே நடந்து இறங்கினாள். கடைசிப் படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. செக்கர் அவளைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினார். காவலாளி அட்டை கேட்டார். அந்த மெலிந்த ஆய்வாளர்தான் ஓடிவந்து தன் அட்டையை நீட்டினார்.

பித்தப்பை வெடித்த பிறகு இலவச ஆஸ்பத்திரியில் பதினான்கு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. அது அவசரப் பிரிவில் வந்துவிடும். உடனே அறுத்தார்கள். விஷம் உடம்பெல்லாம் பரவிவிட்டது என்றார்கள். நான்காம் நாள் ஆய்வாளர் வந்து வார்டுக்கு வெளியே செக்கரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு உங்க வீட்டுல எனக்குப் பசி. பிஸ்கட்டைப் பாத்தேன், அவங்க முகத்தைச் சரியாப் பாக்கல. அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க. தப்பு என்னோடதுன்னு ஒத்துக்கிட்டு, மறு ஆய்வு கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன். வேலை போனாலும் போகட்டும்."

"எப்ப முடிவு தெரியும்?"

"சீக்கிரம்னு சொல்லியிருக்காங்க."

மனைவி ஆறாம் நாள் விடியற்காலையில் செத்துப்போனாள். செக்கர் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நாளாவது அவளை உட்கார வைத்து எதிரே நின்று சோறு போட்டிருக்கலாம் என்று தோன்றியது. அதற்குக் காசு வேண்டியதில்லையே. அந்த நினைப்பு அவரைப் பிறகு விடவே இல்லை.

ஆய்வாளருக்கு வேலை போயிற்று. ஆனால் அவர் எழுதிக் கொடுத்ததை வாரியம் குப்பையில் போடவில்லை. வாரியத்தில் எந்தத் தாளையும் குப்பையில் போட மாட்டார்கள், அதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஐந்து வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, கடிதம் வந்தது. மகள் அப்போது பயல்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு அவளே பிரித்து உரக்கப் படித்தாள்.

'தங்கள் மனு மறு ஆய்வு செய்யப்பட்டது. குறிப்பிட்ட வருமானம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குப் போதாது என்ற தங்கள் வாதம் நியாயமானதே என வாரியம் ஏற்றுக்கொள்கிறது. எனினும் ஆஸ்பத்திரியிலிருந்து பெறப்பட்ட தகவலின்படி தங்கள் குடும்பத்தில் தற்போது நான்கு பேரே உள்ளனர். நான்கு பேருக்கு அவ்வருமானம் போதுமானது. எனவே தங்கள் குறை தீர்க்கப்பட்டதாகக் கருதி இக்கோப்பு முடிக்கப்படுகிறது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.'

இரட்டையரில் சின்னவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். அவனுக்குப் புரிந்த மட்டில் கேட்டான்.

"அப்ப அம்மா இருந்ததாலதான் நமக்குப் போதாம இருந்துச்சாப்பா?"

மகள் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்துவிட்டு அவனைக் கட்டிக்கொண்டு அவளே அழுதாள்.